உத்திரமேரூர் சூரியோதயப்படி

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தசமியன்று நாள் முழுவதும் நான் பட்டினி கிடந்ததால் உத்திரமேரூர் போக நேர்ந்தது. இரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவிட்டுத்தான் பேருந்தில் ஏற வேண்டும்.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நாள், கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாவற்றையும் தினமும் குறித்துவைப்பேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியைத்தான் பார்ப்பேன். ஏகாதசி விரதமும் பக்தியைவிடப் பழக்கத்தால் வந்ததுதான். அன்று காலை எங்கள் கோயில் இணையதளத்தில் 'இன்று ஏகாதசி' என்று இருந்தது. பட்டினி கிடந்தேன். மாலையில் வேறு கணக்குகளோடு ஒப்பிட்டபோது, ஈப்போவில் சூரியன் உதித்த நேரத்தில் தசமி இன்னும் முடிந்திருக்கவில்லை என்று தெரிந்தது. ஏகாதசி மறுநாள்தான். மறுநாளும் பட்டினி கிடந்தேன்.

அந்தத் தளத்தைச் செய்தவள் என் தங்கை மகள் மாலதி. இணையதளங்களில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைச் செய்வது அவள் தொழில். ஃப்ரண்ட்-எண்ட் டெவலப்பர் என்கிறார்கள். பட்டன் எங்கே இருக்க வேண்டும், மலிவான கைப்பேசியிலும் எழுத்து உடையாமல் வருமா, கண்ணாடி மறந்துவிட்டு வந்த கிழவரால் படிக்க முடியுமா என்பதெல்லாம் அவள் கவலைகள். திதிக் கணக்கு அவள் கவலை இல்லை. அதற்கு யாரோ எழுதி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவைத்திருந்த லைப்ரரி ஒன்றை எடுத்துப் பொருத்தியிருந்தாள். லைப்ரரி என்றால் இந்தத் தொழிலில் ஆயத்த நிரல். இந்தப் பக்கம் தேதியைப் போட்டால் அந்தப் பக்கம் திதியும் நட்சத்திரமும் வரும்.

என் இரண்டு நாள் பட்டினியைப் பற்றி நான் முறையிட்ட பிறகு, மாலதி அந்த நிரலின் உள்ளே முதல்முறையாகத் திறந்து பார்த்தாள். சூரியோதயம் எந்த ஊருக்கு என்று நாம் சொல்லாவிட்டால், அது தானாக ஓர் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்துக்கொள்ளும் என்று அதில் இருந்தது. அவள் அதை வரைபடத்தில் போட்டாள். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் போய் நின்றது.

எங்கள் பேராக் மாநிலத்தில் அவள் தளம் செய்துகொடுத்த பதினொரு கோயில்களுக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் உதித்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகுதான் அங்கே உதிக்கும். பெரும்பாலான நாட்களில் இதனால் ஒரு வித்தியாசமும் வராது. அந்த இடைவெளிக்குள் திதியோ நட்சத்திரமோ மாறினால் மட்டும் ஒரு நாள் முன்னால் காட்டிவிடும். அதனால்தான் இந்த இரண்டு வருடமாக யாரும் கவனிக்கவில்லை.

வரப்போகும் ஆடிக் கிருத்திகை அந்த இடைவெளியில் விழுந்தது. பதினொன்றும் முருகன் கோயில்கள்.

திருத்தம் ஒரே ஒரு வரிதான். தன் கையில் இருந்த ஐந்து தளங்களை மாலதி அன்றே திருத்திவிட்டாள். மற்ற ஆறின் உள்ளே அவளால் நுழைய முடியவில்லை. தளத்தை ஒப்படைத்த பிறகு நிர்வாகக் குழுக்கள் மாறியிருந்தன. பழைய செயலாளர்கள் கடவுச்சொல்லையும் மனக்கசப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். குருக்கள் ஒரு நாள் சொல்வார், தளம் ஒரு நாள் சொல்லும், ஜனங்கள் கைப்பேசியைத்தான் நம்புவார்கள். பால்குடத்தோடு தப்பான நாளில் வந்து நிற்பவர்கள் யாரைத் திட்டுவார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. பக்கத்தின் அடியில் அவள் பெயர் இருந்தது.

ஒரே ஒரு வழிதான் மிச்சம். அந்தப் பக்கங்கள் லைப்ரரியின் பிரதியைத் தங்களிடம் வைத்துக்கொள்வதில்லை. யாராவது திறக்கும்போதெல்லாம் ஆகப் புதிய பிரதியை வெளியிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆகவே எழுதியவர் மாற்றினால் ஆறும் மாறும். மாலதி அவருக்கு எழுதினாள். 'ஆவணத்தைப் பார்க்கவும்' என்று, அதாவது லைப்ரரியோடு வரும் விளக்கக் குறிப்பைப் படிக்கச் சொல்லி, ஒரு வரி எழுதி அவள் கேள்வியை அவர் மூடிவிட்டார். அவள் மறுபடியும் எழுதினாள். பதில் இல்லை.

அவர் பெயர் அருள் என்பது மட்டும் தெரிந்தது. முகவரி கிடையாது. நான் எப்படியும் காஞ்சிபுரம் கோயில்களைப் பார்க்கப் போவதாக இருந்தேன். மாலதி தானும் வருவதாகச் சொன்னாள். அவள் வந்தது கோயில் பார்க்க அல்ல.

வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்தில் இறங்கினோம். ஆடி பிறந்திருந்தது. நெருக்கமான ஒரு சாப்பாட்டுக் கடையில் காலையுணவு. மிளகும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லி ஒன்று வந்தது. அது அரைத் தட்டை அடைத்துக்கொண்டது. பரிமாறியவர், "நாஷ்டா ஆச்சா சார், காப்பி தரட்டா?" என்றார். எங்கள் ஊரில் இதே கேள்வியைப் பசியாறியாச்சா என்று கேட்பார்கள். காப்பி அளவில் சிறியது, சூட்டில் பெரியது. ஈப்போவில் அதே காப்பியை மூன்று மடங்கு தண்ணீரில் நீட்டி, வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் குடிப்போம். இங்கே குடித்தவுடன் எழுந்துவிட வேண்டும், அடுத்தவர் பின்னால் நிற்கிறார். கல்லாவுக்கு மேல் இருந்த நாள்காட்டியில் தேதி முந்தின நாளோடு நின்றிருந்தது. கிழிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்கள். கிழித்தேன்.

சனிக்கிழமை உத்திரமேரூர் போகும் பேருந்து வழியில் மாகறலில் நின்றுவிட்டது. டயர் என்றார்கள், பிறகு டயர் இல்லை என்றார்கள். நடத்துநர் இறங்கி, வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீக்கடைக்குப் போனார். பயணிகள் யாரும் கோபப்படவில்லை. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் எங்களைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்தவர் எனக்காக மொழிபெயர்த்தார். ஒருத்தி நாங்கள் நிலம் வாங்க வந்தவர்கள் என்கிறாள், மற்றவள் நிலம் வாங்குகிறவர்கள் பேருந்தில் வருவார்களா என்கிறாள். இரண்டாமவள் கட்சியே வலுவாக இருந்தது.

அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம். எங்கே போக வேண்டும் என்று ஓட்டுநர் கேட்டபோது மாலதி தன் கைப்பேசியைக் காட்டினாள். லைப்ரரியின் உள்ளே எழுதியிருந்த அந்த ரேகைகள்தான் எங்களிடம் இருந்த ஒரே முகவரி. தசமப் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கங்கள் இருந்தன. என் பழைய தொழிலில் அது ஒரு வீட்டு வாசலைக் காட்டப் போதும் என்று அவளுக்குத் தைரியம் சொல்லியிருந்தேன்.

அது ஓர் ஏரிக்கரையைக் காட்டியது. மதகுக்குப் பக்கத்தில் ஆட்டோ நின்றது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நாற்று நட்ட கழனி. நடுவில் நாங்கள் இருவரும், ஆடு மேய்க்கும் ஓர் அம்மாவும்.

"இன்னா தேட்றீங்க? ஏரிக்குள்ள வூடு ஏதுனா வாங்கப் போறீங்களா?" என்றார் அந்த அம்மா.

அருள் என்பவரைத் தேடி வந்தோம் என்றேன்.

"எந்த அருளு? மேஸ்திரியா, கம்ப்யூட்டரா?"

கம்ப்யூட்டர் என்றாள் மாலதி.

"அது ஒரு காலத்துல இங்கதான் நின்னுகினு இருக்கும். டவரு இங்கதான் கெடைக்கும். இப்போ வூட்டுக்கே ஒயரு வந்துட்ச்சி. சர்ச்சுக்குப் பின்னால போங்க."

ஆக, பேராக் மாநிலத்தின் ஆறு கோயில்களுக்கு இந்த மதகின் மேல்தான் சூரியன் உதிக்கிறது. ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

சர்ச்சுக்குப் பின்னால் மாடியோடு கட்டிய சின்ன வீடு. வாசலில் அருளின் மனைவி ஸ்டெல்லா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் என்று பிறகு தெரிந்துகொண்டோம். லைப்ரரியின் ஆவணம் முழுவதும் 'நாங்கள் இதை வழங்குகிறோம்', 'நாங்கள் பரிந்துரைக்கிறோம்' என்று எழுதியிருந்ததால் மாலதி ஓர் அலுவலகத்தை எதிர்பார்த்திருந்தாள். மலேசியாவிலிருந்து வருகிறோம், உங்கள் டீமைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"டீமு குளிச்சிகினு கீது," என்றார் ஸ்டெல்லா. "குந்துங்க."

டீம் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். லைப்ரரி வேலை, கம்பெனி வேலை தொடங்குவதற்கு முன்னால் விடியற்காலையில். மாலதி தன்னை அறிமுகம் செய்துகொண்டதும் அவர் துண்டைத் தோளில் போட்டார்.

"'இந்தப் பக்கம் யாராவது உயிரோட இருக்கீங்களா'ன்னு எழுதுனது நீங்கதானா?"

"ஐயோ, அது கோவத்துல எழுதினது லா."

"கீறேன்," என்றார் அருள்.

மதியச் சாப்பாடு அங்கேயே என்று ஆயிற்று. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, ரசம், எங்களுக்காக அவசரமாகப் பொரித்த முட்டை. சாப்பாட்டுக்கு முன்னால் அருள் தன் கைப்பேசியில் வந்து குவிந்திருக்கும் முறையீடுகளைக் காட்டினார். எத்தனையோ நாடுகளிலிருந்து எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு மாலைக்குள் வேண்டும். ஒருவர் இவரைப் பொறுப்பில்லாத நிறுவனம் என்றிருந்தார். இன்னொருவர் தன் முதலாளியையும் அந்த உரையாடலில் சேர்த்துவிட்டிருந்தார். இவர்களில் யாரையும் அருள் பார்த்ததில்லை. தான் எழுதியதை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் அவருக்குத் தெரியாது.

"சரியா வேலை செய்யுதுன்னு சொல்ல ஒருத்தனும் எழுத மாட்டான். சரியா இருந்தா நான் இருக்கறதே தெரியாது அவங்களுக்கு."

கிறிஸ்தவரான நீங்கள் திதிக்கு ஏன் நிரல் எழுதினீர்கள் என்று கேட்டேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள், வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அந்த நாள் எப்போது வருகிறது என்பது அந்த வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருந்த விஷயம். கல்லூரியில் கணினி படிக்கும்போது செய்து பார்க்க ஒரு கணக்கு வேண்டியிருந்தது. இது கைக்கு வந்தது. பக்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சூரியனும் சந்திரனும் எங்கே இருக்கின்றன என்பது மட்டும்தான் அவர் கவலை என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தோம். அருளின் கட்சி தெளிவாக இருந்தது. இடத்தைக் கொடுங்கள் என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறது. படிக்காமல் எடுத்துப் போட்டுவிட்டு, ஆகப் புதிய பிரதியை நேராக இழுத்துக்கொள்வது போலப் பக்கத்தையும் செய்துவிட்டு, அதன் பூட்டையும் தொலைத்துவிட்டு, இப்போது என்னிடம் வந்தால் எப்படி?

மாலதி தன் கைப்பேசியில் அவருடைய ஆவணத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் படிச்சேன். முதல் உதாரணம் இது. இப்படி எழுதுங்கன்னு நீங்க கொடுத்தது. புதிய பிரதியை இழுக்கறது இதுலதான் இருக்கு. நான் இதை அப்படியே எடுத்துப் போட்டேன். இதுல இடம் எங்க இருக்கு, காட்டுங்க."

அருள் பார்த்தார். தான் எழுதிய நான்கு வரிகளை வெகுநேரம் பார்த்தார்.

"காட்டேன், பாப்போம்," என்றார் ஸ்டெல்லா.

"கீழ சொல்லிகீறேன்."

"கீழன்னா எங்க?"

மாலதி விரலால் தள்ளினாள். பக்கம் போய்க்கொண்டே இருந்தது. நிறுவும் முறை, உரிமம், நன்றி எல்லாம் தாண்டி, இடத்தைப் பற்றிய பத்தி வந்து சேர்ந்தது. அருளுக்கு அந்த முதல் உதாரணத்தில் இடம் தேவைப்படவில்லை. அவர் அதை எழுதியபோது மதகின் மேல் நின்றிருந்தார்.

"சோறு ஆறுது," என்றார் ஸ்டெல்லா.

ரசத்துக்கு வரும்போது அருள் முடிவுக்கு வந்திருந்தார். தப்பு தன்னுடையது, இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்றார். இனிமேல் இடம் சொல்லாவிட்டால் லைப்ரரி எதுவும் தராது, பிழை என்று சொல்லி நின்றுவிடும். மாலதி அதுவரை கோபமாகத்தான் இருந்தாள். இப்போது பயந்துவிட்டாள். அவள் பக்கங்கள் அந்தக் கணக்கு வந்த பிறகுதான் மற்றவற்றை வரையும். அது நின்றால் ஆறு கோயில்களும் ஆடி மாதம் முழுக்க வெள்ளையாக இருக்கும். முருகன் படம், பூசை நேரம், தொலைபேசி எண் எதுவும் வராது.

"வெள்ளைப் பக்கம் வந்தா அஞ்சு நிமிஷத்துல எனக்குத்தான் போன் வரும்," என்றாள்.

"தப்பான நாளு வந்தா யாருக்கும் போன் வராது. ரெண்டு வருசமா வரல இல்ல? அதான் பிரச்சனையே."

பார்ப்பவருக்கு ஏதாவது தெரிய வேண்டும் என்பது இவள் தர்மம். தெரிவது பொய்யாக இருந்தால் தெரியாமலே இருக்கட்டும் என்பது அவர் தர்மம். திறப்பவரின் கைப்பேசி எந்த நாட்டு நேரத்தில் இருக்கிறது என்று பார்த்து, இடத்தை ஊகித்துக்கொள்ளலாமே என்றாள் மாலதி. ஊகித்துத்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்றார் அருள். நான் இப்போது இந்த வீட்டில் உட்கார்ந்து நம் ஊர்க் கோயில் தளம் ஒன்றைத் திறந்தால் எந்த ஊர்க் கிருத்திகை வரும் என்று கேட்டேன். மாலதி என்னைப் பார்த்த பார்வையில், பயணச் செலவைத் தான் ஏற்றுக்கொண்டது பற்றிய வருத்தம் தெரிந்தது.

முடிவு ஏற்படவில்லை. நாளை ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள், வாருங்கள் என்றார் ஸ்டெல்லா. அதுவரை எதையும் மாற்றுவதில்லை என்று அருளிடம் மாலதி வாக்கு வாங்கிக்கொண்டாள். உத்திரமேரூரில் தங்கினோம். விடுதி அறையில் நாள்காட்டி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அருளும் ஸ்டெல்லாவும் சர்ச்சிலிருந்து வந்த பிறகு போனோம். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது. பாட்டு ஓடும்போது யாரும் பேச முடியாது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் சண்டையே போட வேண்டும். அதனால் இருவரும் சுருக்கமாகப் பேசினார்கள். நேற்றைவிட அது நல்லதாகத் தோன்றியது. கூழ் பாத்திரத்தில் வந்தது. கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல், மீன் தொடாத எனக்கு மட்டும் கருவாட்டுக் குழம்பு இல்லாமல். எங்கள் ஊரில் கூழைக் கோயிலில் வரிசையில் நின்று நெகிழிக் கோப்பையில் வாங்குவோம். இங்கே கோயிலுக்குப் போகாத இந்த வீட்டுக்கே தூக்குவாளியில் வந்துவிட்டது. எல்லா வருடமும் வருமாம்.

நான் சமையலறைச் சுவரில் இருந்த நாள்காட்டியிடம் போனேன். உரக்கடை கொடுத்தது. தேதி சரியாகக் கிழிக்கப்பட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பழக்கத்தால் வாய்விட்டுப் படித்தேன். "சூரிய உதயம் சென்னை நேரப்படி."

ஒலிபெருக்கி அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

"திரும்பப் படிங்க மாமா," என்றாள் மாலதி.

படித்தேன். அச்சடித்த பஞ்சாங்கம் எதுவானாலும் இது இருக்கும், எந்த ஊர்க் கணக்கு என்று சொல்லாமல் விடுவது வழக்கமில்லை என்றேன். மாலதி அருளிடம் திரும்பினாள். இடம் கொடுக்காதவர்களுக்குப் பக்கத்தை நிறுத்தவும் வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம். இப்போது கொடுக்கிற அதே கிருத்திகையைக் கொடுத்து, கூடவே எந்த ஊர் என்பதையும் அதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜனங்கள் படிப்பார்கள். படித்தால் கேட்பார்கள்.

அருளுக்குப் பிடிக்கவில்லை. "நட்சத்திரம் கேட்டா நட்சத்திரம்தான் குடுக்கணும். கூட ஊர் பேர ஒட்டி குடுத்தா அது நட்சத்திரம் இல்ல, நோட்டீசு." வந்த சொல் 'கிருத்திகை'தானா என்று யாராவது தங்கள் நிரலில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு உடைந்துவிடும் என்றார். இத்தனை வருடங்களில் ஒரு எழுத்துகூட மாறாமல் அந்தச் சொற்களைக் காப்பாற்றி வந்திருக்கிறார். முகம் தெரியாத அந்தக் கூட்டத்துக்கு அவர் கொடுத்திருந்த வாக்கு அது ஒன்றுதான்.

அடுத்த பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது.

"நான் ஒப்பிட்டுப் பாக்குறேன்," என்றாள் மாலதி. "மயில்."

கிருத்திகை என்ற சொல் வந்தால் பக்கத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும் மயில் தோகை விரிக்கும். அதை வரைந்து அசையவைக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. யாரும் கேட்டுச் செய்ததில்லை, ஆனால் கிருத்திகையன்று அதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்தைத் திறக்கிறவர்கள் உண்டு. சொல்லோடு ஊர் பெயர் ஒட்டினால் மயில் அசையாது. பூட்டு தொலைந்த ஆறு தளங்களிலும் இனி அசையாது.

ஸ்டெல்லா காட்டச் சொன்னார். மாலதி தன் கணினியில் தேதியை மாற்றிப் போட்டுக் காட்டினாள். மயில் கழுத்தைத் திருப்பி, ஒவ்வொரு இறகாக விரித்து, திரை முழுவதையும் நிறைத்தது.

"ஐயே, எவ்ளோ அழகா கீது," என்றார் ஸ்டெல்லா. "இதப் போயி நிறுத்தணுமா?"

அருள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒரு தடவை போடச் சொன்னார். பிறகு கேட்டார். "இது என்னுத வெச்சா ஓடுது?"

"உங்களுதுதான். நீங்க கிருத்திகைன்னு சொன்னாதான் விரியும்."

"எனக்கு யாரும் காட்டுனதில்ல."

மூன்றாவது தடவையும் போட்டாள். கூழ் காய்ந்து கையில் ஒட்டிக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

"நின்னா நிக்கட்டும்," என்றாள் மாலதி. "தப்பான நாள்ல விரியறதுக்கு இது தேவலை."

அருள் கை கழுவிவிட்டு மாடிக்குப் போனார். முதலில் ஆவணத்தைத் திறந்து முதல் உதாரணத்தில் இடத்தைச் சேர்த்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஊர் ஈப்போ. பிறகு நிரலைத் திருத்தினார். மாலதி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடைப்புக்குறி எங்கே வர வேண்டும், சின்னத் திரையில் வரி எங்கே உடையும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அதையெல்லாம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்பவரைப் போலக் கேட்டார். மாலைக்குள் புதிய பிரதி வெளியானது. ஆறு தளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஆறிலும் அன்றைய திதியும் நட்சத்திரமும், அவற்றின் அருகில் 'உத்திரமேரூர் சூரியோதயப்படி' என்றும் இருந்தன.

திங்கட்கிழமை உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்த்தோம். ஊர்ச் சபைக்கு யார் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று சோழர் காலத்தில் சுவரில் வெட்டிவைத்த விதிகள். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்கள் வரக் கூடாது என்று இருக்கிறது. கடவுச்சொல் பற்றி எதுவும் இல்லை. மாலதி அந்தச் சுவரைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள்.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் கோயில்களுக்குத் தொலைபேசி வரத் தொடங்கியிருந்தது. உத்திரமேரூர் என்பது யார், புதிய உபயதாரரா என்று சிலர் கேட்டார்கள். நம் நாட்டில் சூரியன் இல்லையா என்று ஒருவர் கேட்டாராம். தப்பான நாள் காட்டியபோது அசையாத நிர்வாகக் குழுக்கள் இதற்கு அசைந்தன. பழைய செயலாளர்களின் வீடுகளுக்கு ஆள் போயிற்று. சில இடங்களில் மன்னிப்பும், ஓர் இடத்தில் பொன்னாடையும் கைமாறின. ஐந்து கோயில்களின் கடவுச்சொற்கள் மாலதிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வரி சேர்த்தாள். ஊர் பெயர் மறைந்தது, மயிலுக்கு உயிர் வந்தது.

ஆறாவது கோயில் மட்டும் வேறு மாதிரி. அது பக்கத்து ஊரில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. மாலதி அவர்களை அழைத்தபோது, கடவுச்சொல் கிடைத்துவிட்டது, ஆனால் எதையும் மாற்ற வேண்டாம் என்றார்கள். உத்திரமேரூர் எவ்வளவு பழமையான ஊர் என்று தலைவர் தேடிப் படித்திருந்தார். ஆடிக் கிருத்திகை அழைப்பிதழிலும் அச்சடித்துவிட்டார்கள், தொன்மை வாய்ந்த உத்திரமேரூர் சூரியோதயக் கணக்கைப் பின்பற்றும் ஒரே ஆலயம் என்று. பிற்காலத்தில் இந்த வசதியை எக்காரணம் கொண்டும் நீக்கிவிடக் கூடாது என்று அருளுக்கும் எழுதிவிட்டார்கள். என்ன பதில் போடுவது என்று அவர் மாலதியிடம் கேட்டார்.

ஆவணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதினாள் அவள்.

அந்தக் கோயிலில் ஒரு நாள் முன்னதாகக் கிருத்திகை. எங்கள் கோயிலில் மறுநாள். நான் இரண்டுக்கும் போனேன், இரண்டு நாளையும் குறித்துவைத்தேன். அன்னதானம் இரண்டு இடத்திலும் நன்றாக இருந்தது. எங்கள் கோயிலில் சாம்பார் கொஞ்சம் நீர்த்திருந்தது. அங்கே மண்டபத்துத் திரையில் தளத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கிருத்திகை, அதன் அருகில் ஏரி மதகின் ஊர் பெயர், அடியில் மயில். ஜனங்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார்கள். மயில் உட்கார்ந்தே இருந்தது.